பெட்ரோலுக்கு யார் காசு கொடுப்பது?

ஜாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில் பெட்டாவுகே என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. தலைநகர் லுசாக்காவிலிருந்து கிரேட் ஈஸ்ட் ரோட்டில் கிழக்கே சுமார் 400 கிலோமீட்டர். லுவாங்வா பாலத்தைத் தாண்டிக் குன்றுகளில் ஏறி இறங்கிப் போய்ச் சேர வேண்டும். மக்காச்சோளம், நிலக்கடலை, பருத்தி, சூரியகாந்தி விளையும் பூமி. மக்களில் பெரும்பாலோர் ந்செங்கா இனத்தவர். தமிழ்நாட்டில் வட்டார வள மையம் ஒன்றில் ஆசிரியப் பயிற்றுநராகப் பல வருடம் இருந்துவிட்டு, ஒரு தன்னார்வ அமைப்பு மூலமாக அந்த மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு வேலைக்குப் போனேன். 2022 முதல் 2024 வரை அங்கே இருந்தேன்.

ஊருக்கு வந்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மரத்தடியில்தான் பள்ளிக்கூடம் நடக்குதா?" என்பது. ஒன்றிரண்டு அப்படியும் உண்டு. ஆனால் நான் போன நேரம், கல்விக்கு அந்த நாட்டு அரசாங்கம் கையைத் திறந்துவிட்டிருந்த நேரம். தொடக்கக் கல்வியில் 2002-லேயே கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 2022 ஜனவரியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. அதே வருடம் 30,496 ஆசிரியர்களை ஒரே மூச்சில் எடுத்தார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு 16 லட்சம் குவாச்சாவாக (அந்த நாட்டு நாணயம்) இருந்தது, 2022-ல் 2 கோடியே 57 லட்சம் குவாச்சா ஆனது. அந்தப் பணத்தில் பெஞ்சும் டெஸ்க்கும் வந்தன, மூன்று வகுப்பறை கொண்ட கட்டடங்கள் எழுந்தன. கிராமத்துக்காரர்கள் செங்கல் அறுத்துக் கொடுத்தார்கள், ஆற்றுமணல் சுமந்தார்கள்.

ஆக, ஆசிரியர் வந்தாயிற்று, பெஞ்ச் வந்தாயிற்று, குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வந்தாயிற்று. வாசிப்பு மட்டும் வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகளின் திறனைப் பல நாடுகளில் அளக்கும் பிசா தேர்வின் வளரும் நாடுகளுக்கான பதிப்பை ஜாம்பியாவில் நடத்தியபோது, பள்ளியில் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் குறைந்தபட்ச வாசிப்புத் திறன் இருந்தவர்கள் 5 சதவீதம்தான். கணக்கில் 2 சதவீதம். பள்ளிக்கே வராத பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை.

இதற்கு மருந்து ஏற்கெனவே அங்கே இருந்தது. 'கேட்ச் அப்' என்று பெயர். மும்பையில் பிறந்த பிரதம் அமைப்பு இந்தியாவில் செய்து பார்த்த முறையைத்தான் ஜாம்பியக் கல்வி அமைச்சகம் எடுத்து, 2016-ல் 80 பள்ளிகளில் சோதித்து, பிறகு விரிவாக்கியது. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளை, வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிரித்து, தினமும் ஒரு மணி நேரம் அந்த நிலைக்கேற்ற பாடம் நடத்துவது. முறை எளிது. நான் புதிதாக எதையும் கொண்டுபோகவில்லை. காகிதத்தில் இருப்பது வகுப்பறையில் நடக்க என்ன வேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை.

முதலில் பரிசோதனைத் தாள் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சின்னப் பத்தி, கொஞ்சம் பெரிய கதை. குழந்தையைத் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் நிலை. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடப்புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினான். ஆசிரியருக்குப் பெருமை. நான் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டுத் தாளை நீட்டினேன். முதல் சொல் 'ம்பூஸி' (mbuzi), அதாவது ஆடு. அந்தப் பையன் வீட்டில் தினமும் ஆடு மேய்க்கிறவன். பார்த்துக்கொண்டே இருந்தான். "இதில் 'எம்' எங்கே இருக்கிறது?" என்றேன். சரியாகத் தொட்டான். "'ஸி' எங்கே?" அமைதி. எழுத்து தெரிகிறது, சேர்க்கத் தெரியவில்லை. புத்தகப் பக்கம் முழுவதும் மனப்பாடம். எண்பது தொண்ணூறு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லும் சத்தத்தில், யாருக்கு வருகிறது யாருக்கு வரவில்லை என்று எந்த ஆசிரியராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஆசிரியர் நல்லவர், உழைப்பாளி. தாளைக் கையில் வாங்கி, மீதிக் குழந்தைகளை அவரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சோதித்தார். நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு விஷயம் முக்கியம். சோதனையை வெளியிலிருந்து வருபவர் செய்தால் அது அறிக்கை ஆகிவிடும், அலமாரிக்குப் போய்விடும். வகுப்பு ஆசிரியரே செய்தால் அடுத்த நாளே ஏதாவது மாறும்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? கட்டணம் போனபின் கூட்டம் பெருகி, பல பள்ளிகளில் காலை ஒரு ஷிஃப்ட், மதியம் ஒரு ஷிஃப்ட். அறை காலியாகும் நேரமே இல்லை. சில தலைமை ஆசிரியர்கள் பள்ளி விட்டபிறகு வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து வீடு போகிற பிள்ளை பசியோடு எவ்வளவு நேரம் உட்காரும்? எங்கெல்லாம் காலை முதல் மணியிலேயே, கால அட்டவணையில் எழுதி, எல்லா ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் நடத்தினார்களோ அங்கெல்லாம் நின்றது. ஒரே நேரத்தில் நடத்தினால்தான் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் உட்கார முடியும். அறை போதாவிட்டால் எழுத்து நிலையில் இருக்கும் குழு வெளியே வந்துவிடும். மணலில் குச்சியால் எழுதுவார்கள். கணக்குக்கும் அதே குச்சிதான்: பத்துப் பத்தாகப் புல்லால் கட்டினால் பத்தும் ஒன்றும் கண்ணுக்குத் தெரியும். சாக்பீஸ் தீர்ந்துபோன நாட்களில் இது ரொம்பவே கை கொடுத்தது.

தலைமை ஆசிரியரிடம் இதைப் பேசி வாங்குவதற்கு ஒரு நடைமுறை உண்டு. பைக்கை விட்டு இறங்கியதும் விஷயத்துக்கு வந்துவிடக் கூடாது. "முலி ப்வாஞ்சி" என்று நலம் விசாரித்து, வீட்டில் எப்படி, மழை எப்படி, சோளம் எப்படி என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் வேலை. அவசரக்கார வெளிநாட்டுக்காரர்கள் பலர் இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று மாதத்தைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

புத்தகங்கள் கதை நமக்கும் தெரிந்த கதைதான். ஒரு பள்ளியில் வாசிப்புப் புத்தகமே இல்லை என்றார்கள். தலைமை ஆசிரியர் அறையில் ஒரு இரும்பு அலமாரி. திறந்து காட்டச் சொன்னால், கட்டுப் பிரிக்காத கதைப் புத்தகங்கள். ஏன் கொடுக்கவில்லை? கிழிந்தால், தொலைந்தால், தணிக்கையில் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் எத்தனை பள்ளி ஆய்வகங்கள் இதே காரணத்தால் பூட்டிக் கிடந்திருக்கின்றன! மாவட்டக் கல்விச் செயலரிடம் ஒரு சுற்றறிக்கை வாங்கினோம்: படித்துக் கிழிந்த புத்தகம் குற்றம் அல்ல, பதிவேட்டில் 'பயன்பாட்டில் சேதம்' என்று எழுதினால் போதும். ஒரு பக்கக் கடிதம்தான். அடுத்த சில வாரங்களில் பல அலமாரிகள் திறந்தன. எந்தப் பயிற்சி முகாமும் இந்தக் காரியத்தைச் செய்திருக்காது.

மொழி விஷயம் இவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. 2013-ல் வந்த பாடத்திட்டக் கட்டமைப்புப்படி அப்போது முதல் நான்கு வகுப்புகள் உள்ளூர் மொழியில். நாட்டில் ஏழு மொழிகளுக்கு அந்த அங்கீகாரம் உண்டு. கிழக்கு மாகாணம் முழுவதற்கும் அது சின்யாஞ்சா. ஆனால் பெட்டாவுகே குழந்தை வீட்டில் பேசுவது ந்செங்கா. இரண்டும் நெருங்கிய உறவுதான், ஆனாலும் வேறுதான். தண்ணீருக்குப் புத்தகத்தில் 'மட்ஸி', குழந்தையின் வாயில் 'மன்ஸி'. குழந்தை 'மன்ஸி' என்று வாசித்தால் அதைத் தப்பு என்று குறிப்பதா? இதில் எங்கள் குழு சண்டையே போட்டது. கடைசியில், வாசிப்பைச் சோதிக்கும்போது எழுத்தைப் பார்த்துச் சரியாக ஒலிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பேசும்போது எந்தச் சொல்லில் பேசினாலும் விடுங்கள் என்று ஆனது. கதையைப் பற்றிக் கேள்வி கேட்டால் ந்செங்காவில் பதில் சொல்லலாம் என்றதும், வாயே திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். லுசாக்காவிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர்களுக்குத்தான் கஷ்டம். அவர்களுக்கு நகரத்து நியாஞ்சா (சின்யாஞ்சாவின் நகர வடிவம்) தெரியும், ந்செங்கா தெரியாது. எழுத்துக் குழுவை உள்ளூர் ஆசிரியருக்கும், கதைக் குழுவை வெளியூர் ஆசிரியருக்கும் கொடுப்பது நல்லது.

எனக்கு மட்டும் ஒரு சௌகரியம் இருந்தது. இந்த மொழிகளில் பெரும்பாலான சொற்கள் மெய்யும் உயிருமாகச் சேர்ந்த அசைகளால் ஆனவை. ம, மே, மி, மோ, மு என்று வரிசை போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். நமக்கு அது உயிர்மெய் வரிசைதானே. அந்த அட்டவணையைப் பார்த்ததும் வேற்று நாட்டில் சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

இனி பெட்ரோலுக்கு வருகிறேன். நான் அங்கே கற்றதில் பாதி இதுதான்.

மாவட்டம் மண்டலங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு மண்டலத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளி வள மையம், நம் குறுவள மையம் மாதிரி. அங்கே ஓர் ஒருங்கிணைப்பாளர். அவரும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்தான், இது கூடுதல் பொறுப்பு. அமைச்சகம் மாகாணத்துக்குப் பயிற்சி கொடுக்கும், மாகாணம் மாவட்டத்துக்கு, மாவட்டம் மண்டலத்துக்கு, மண்டலம் பள்ளிக்கு. மேலே ஐந்து நாளாகத் தொடங்கியது கீழே வந்து சேரும்போது ஒரு மதியப் பொழுது ஆகிவிடும். அதிலும் மேல்மட்டப் பயிற்சிக்குப் போகிறவர் யார்? தங்கும் படி, சாப்பாட்டுப் படி, பயணப்படி உண்டு என்றால் அது யாருடைய முறை என்பதுதான் முதல் கேள்வி. மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கான பயிற்சியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையே இல்லாத கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. சம்பளம் போதாத இடத்தில் படி என்பது வருமானம். ஆனால் அமைப்புகளும் அதற்கு ஒத்து ஊதின. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதுதான் அவர்களுடைய அறிக்கையில் முதல் வரி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மண்டலத்தில் பத்துப் பன்னிரண்டு பள்ளிகள். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு பள்ளிக்கும் மாதம் இரண்டு முறை போனால், மண்பாதையில் வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஆகும். பைக்குக்கு 150 லிட்டர், மேடு பள்ளத்துக்குக் கூடக் கொஞ்சம். 2021 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை எடுத்த பிறகு விலை ஏறியிருந்தது. லிட்டருக்கு 35 குவாச்சா என்று வைத்தால் ஆறாயிரம் குவாச்சாவுக்குள் வருடம் ஓடிவிடும். நாற்பது பேரை நான்கு இரவு லாட்ஜில் தங்கவைக்க, ஆளுக்கு இரவுக்கு 400 குவாச்சா என்றால் 64,000. சாப்பாடு தனி. ஒரு முகாமின் அறை வாடகையில் பத்து மண்டலங்களின் பைக்குகள் வருடம் பூராவும் ஓடும். பைக் பெரும்பாலும் இருக்கும், யாராவது நன்கொடையாகக் கொடுத்திருப்பார்கள். அது வள மையத்தின் மூலையில் கோணிப்பை போர்த்தி நிற்கும், ஏனென்றால் பெட்ரோலுக்கு எந்தத் தலைப்பிலும் காசு இல்லை.

எங்கள் மாவட்டத்தில் சில மண்டலங்கள் இதற்கு ஒரு வழி செய்தன. ஒவ்வொரு பள்ளியும் தனக்கு வரும் மானியத்திலிருந்து பருவத்துக்கு ஒரு சின்னத் தொகையை வள மையப் பள்ளிக்குத் தருவது. அப்புறம்தான் ரசீதுச் சிக்கல் வந்தது. பங்க் டவுனில்தான் இருக்கிறது. கிராமத்தில் பாட்டிலில் விற்பவர் பில் தரமாட்டார், பில் இல்லாவிட்டால் தணிக்கையில் நிற்காது. அதனால் ஒருங்கிணைப்பாளர்கள் மாதக் கடைசியில் டவுனுக்குப் போகும்போதே கேனில் வாங்கி பில்லோடு வந்துவிடுவார்கள். ஒரு நோட்டில் கிளம்பும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டர் எண், போன பள்ளியின் தலைமை ஆசிரியர் கையெழுத்து. காசு கொடுக்கிற பள்ளிதான் கையெழுத்தும் போடுகிறது என்பதால் வராத மாதத்தில் அதுவே போன் போட்டுக் கேட்கும்: "எங்கள் பங்கைக் கொடுத்துவிட்டோம், ஆளைக் காணோமே?" மேலிருந்து அனுப்பினால் இந்தக் கேள்வி வராது.

போய் என்ன செய்வது என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒருங்கிணைப்பாளர் உள்ளே நுழைந்ததும் ஆசிரியர்கள் பாடத்திட்டக் கோப்பை நீட்டுவார்கள், அவரும் உட்கார்ந்து தேதி சரிபார்ப்பார். அது ஆய்வாளர் வேலை, அதற்குத் தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். கோப்பைத் தொடவே கூடாது என்று வைத்தோம். நேராக மிகவும் பின்தங்கிய குழுவிடம் போக வேண்டும். ஐந்து குழந்தைகளைத் தாளில் வாசிக்கச் சொல்ல வேண்டும். பிறகு பத்து நிமிடம் அவரே பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர் தடுமாறினாலும் பரவாயில்லை, அதைப் பார்த்தால் ஆசிரியருக்குத் தைரியம் வரும். கிளம்பும் முன் ஆசிரியரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு வர வேண்டும், பத்து விஷயம் அல்ல. அடுத்த முறை அதை மட்டும் பார்ப்பது.

எங்கே ஆள் தொடர்ந்து போனாரோ அங்கே குழந்தைகள் எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து பத்திக்கும் நகர்ந்தார்கள். எங்கே போகவில்லையோ அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தும், சுவரில் அட்டவணை இருந்தும், பழையபடி எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்வதற்குத் திரும்பிவிட்டார்கள்.

நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை பசிக்காலம். போன வருடத்து மக்காச்சோளம் தீர்ந்து, புதிது விளையாத நேரம். ஓடைகள் நிரம்பிப் பாதைகளும் துண்டிக்கப்படும். நான் இருந்த கடைசி வருடம் இன்னும் மோசம். காலரா காரணமாக 2024 ஜனவரி 8-ம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகள் பிப்ரவரி 12-ல்தான் திறந்தன. அந்த மாதக் கடைசியிலேயே வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தார்கள். பள்ளியில் சாப்பாடு கிடைத்த இடங்களில் பிள்ளைகள் வந்தார்கள், மற்ற இடங்களில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. சாதாரண வருடங்களில் ஜூன், ஜூலைதான் பொன்னான மாதங்கள். அறுவடை வீட்டுக்கு வந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், குளிர் மட்டும்தான் தொந்தரவு. தீவிர வாசிப்பு முகாம் எதுவானாலும் அங்கேதான் வைக்க வேண்டும். நிதி கொடுப்பவர்களின் நிதியாண்டைப் பார்த்து பிப்ரவரியில் வைத்தால் பிள்ளைகளும் வரமாட்டார்கள், பைக்கும் சேற்றில் நிற்கும்.

பெற்றோர் கூட்டத்தில் தாளைக் காட்டுவது பெரிய சக்தி, ஆனால் கத்தியும் கூட. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடத் தன் பேத்தி திக்குவதைக் கேட்டு நிலைமையைப் புரிந்துகொள்வார். ஒரு கிராமத் தலைவர் எழுந்து, "ஐந்து வருடமாக இங்கே என்னதான் நடந்தது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் முந்தைய வாரமே அந்தத் தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து அவருடைய பதிலைத் தயார்செய்து வைத்திருந்ததால்தான் கூட்டம் சண்டையாக மாறவில்லை. எந்தக் குழுவில் எத்தனை பேர், எப்போது மறுபடி சோதிப்போம், வீட்டில் என்ன செய்யலாம் என்று அவரே சொன்னார். ஆசிரியருக்குத் தெரியாமல் பெற்றோருக்கு எண்ணைக் காட்டாதீர்கள். அந்தப் பள்ளிக் கதவு உங்களுக்கு அப்புறம் திறக்காது.

பெண்பிள்ளைகள் பற்றி ஒன்று. பிரசவத்துக்குப் பின் பள்ளிக்குத் திரும்பலாம் என்று 1997-லிருந்தே அங்கே கொள்கை இருக்கிறது. திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் யாராவது ஓர் ஆசிரியை வீடு தேடிப் போய்க் கூப்பிட்டவர்கள்தான். இங்கேயும் போகிற ஆள்தான் கணக்கு.

2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் (யுஎஸ்எய்ட்) திட்டங்கள் திடீரென்று நின்றபோது, எனக்குத் தெரிந்த ஒருங்கிணைப்பாளர்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். லாட்ஜ் பயிற்சிகள் நின்றுவிட்டனவாம். பள்ளிகள் காசு சேர்த்து ஓட்டிய மண்டலங்களில் பைக் ஓடிக்கொண்டிருக்கிறதாம், முன்பை விடக் குறைவாக. அவர்களில் ஒருவர் இப்போது வாட்ஸ்அப்பில் என்னோடு மல்லுக்கட்டும் விஷயம் வேறு. சின்யாஞ்சாவில் கதை வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு மேல் வகுப்புகளில் எல்லாப் பாடமும் ஆங்கிலம். அங்கே ஒரே எழுத்துக்கு மூன்று ஒலி, 'ம்பூஸி' வாசித்த பிள்ளை ஆங்கிலச் சொல்லைப் பார்த்து மறுபடி முழிக்கிறது. இதற்கும் அதே மாதிரி ஒரு தாள் தயாரிக்கலாம் என்கிறார் அவர். முதலில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பேசட்டும், எழுத்து அப்புறம் என்கிறேன் நான். அடுத்த ஜூனில் இரண்டு பள்ளிகளில் இரண்டையும் செய்து பார்ப்பதாக இருக்கிறார்.